கொடைமடமும் இரண்டு யூனிட் ரத்தமும்

1983 ஜூனில் டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷுக்கு இரண்டாவது முறையாக பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆண் அவர். அப்போது வயது 39. அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் அடுத்த நாட்களில் உடம்பில் தெம்பே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருகிற ரத்தசோகைதான் காரணம். மருத்துவர் அவரிடம் இரண்டு வழிகளைச் சொன்னதாக ஆஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். ஒன்று, காத்திருக்கலாம், உடம்பு தானாகத் தேறிவிடும். இரண்டு, ஒன்றிரண்டு யூனிட் ரத்தம் ஏற்றலாம்; சீக்கிரம் தெம்பு வரும். ஆஷ் ரத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நன்கொடை ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1985 மார்ச்சில். ஆஷுக்குத் தொற்று இருப்பது 1988-ல் தெரியவந்தது. 1983-ல் ஏற்றிய அந்த ரத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவரும் மருத்துவர்களும் முடிவுக்கு வந்தார்கள். 1993 பிப்ரவரியில், 49 வயதில் அவர் இறந்தார். அதே 1983-ன் டிசம்பரில் பைபாஸ் செய்துகொண்ட இன்னொருவர் ஐசக் அசிமோவ். ரோபோக்கள் மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று விதி எழுதியவர். அவருக்கும் ஏற்றப்பட்ட ரத்தத்தின் வழியாகவே தொற்று வந்தது. 1992-ல் இறந்தார். என்ன காரணம் என்பதை அவருடைய மனைவி வெளியே சொன்னது பத்து வருடம் கழித்து, 2002-ல்.

இந்த இரண்டு கதைகளிலும் என்னைத் தொந்தரவு செய்கிற விஷயம், இவற்றில் வில்லன் யாரும் இல்லை என்பது. ரத்தம் கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு கொடுத்திருப்பார். மருத்துவர் வலிந்து திணிக்கவில்லை, இரண்டு வழிகளையும் சொன்னார். நோயாளி யோசித்துச் சம்மதித்தார். மூன்று பேருமே சரியாக நடந்துகொண்டார்கள். ஆஷின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: அந்த இரண்டு யூனிட் இல்லாமலும் அவர் தேறியிருப்பார். உயிரைக் காக்க ஏற்றிய ரத்தம் இல்லை அது, தெம்புக்காக ஏற்றியது.

தொற்று என்ற ஆபத்து இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு யூனிட் ரத்தத்தால் எச்.ஐ.வி. வருகிற வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. இந்தியாவிலும் எச்.ஐ.வி., இரண்டு வகைக் கல்லீரல் அழற்சி, சிஃபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகள் கட்டாயம். எனவே பழைய பயத்தைக் கிளப்புவது என் நோக்கம் இல்லை. என் கேள்வி வேறு. தேவைப்படாத ஒரு நல்லதை ஒருவருக்குச் செய்யலாமா? தேவையா இல்லையா என்று தெரியாதபோது, செய்வது கருணையா, செய்யாமல் இருப்பது கருணையா?

*

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கொடைமடம். மயில் அகவுவதைக் கேட்டு, பாவம் குளிரில் நடுங்குகிறது போல என்று தன் போர்வையை எடுத்துப் போர்த்திய பேகனை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்து வந்த பாரியையும்தான். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று பேகன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டான். அந்தக் கேள்வி கேட்காமைக்குத்தான் ‘மடம்’ என்று பெயர். மடம் என்றால் அறியாமை. ஆனால் சங்கப் புலவர்கள் அதை வசையாகச் சொல்லவில்லை, புகழாகச் சொன்னார்கள். கணக்குப் பார்க்காத கைதான் பெரிய கை.

நம் மனசில் கொடை என்றாலே இப்படித்தான் பதிந்திருக்கிறது. கொடுப்பவன் எப்படிக் கொடுத்தான் என்றுதான் கதை பேசும். வாங்கியவனுக்கு என்ன ஆயிற்று என்று பேசாது. அம்பு தைத்துக் கிடந்த கர்ணன், தாரை வார்க்கத் தண்ணீர் இல்லாமல் தன் ரத்தத்தையே வார்த்துப் புண்ணியத்தைக் கொடுத்தான் என்று கேட்டால் நமக்குத் தொண்டை அடைக்கிறது. ரத்தமும் தானமும் நம் கற்பனையில் அவ்வளவு நெருக்கம். ரத்த தான முகாம் சுவரொட்டிகளின் மொழியும் இந்த மரபிலிருந்தே வருகிறது. அதில் தப்பில்லை. அந்த மொழி இல்லாவிட்டால் முகாமுக்கு ஆள் வராது.

மயிலுக்குப் போர்வையால் பெரிய கெடுதல் ஒன்றும் வந்திருக்காது. ரெண்டு உதறு உதறிவிட்டுக் காட்டுக்குள் போயிருக்கும். ரத்தம் அப்படிப்பட்ட பொருள் இல்லை.

*

இதய அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். 1953 மே மாதம் ஜான் கிப்பன் முதன்முதலாக இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து ஒரு இளம்பெண்ணின் இதயத்தில் இருந்த ஓட்டையை வெற்றிகரமாக அடைத்தார். இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையை ஒரு பம்ப்பும், நுரையீரலின் வேலையை ஒரு ஆக்சிஜன் கருவியும் பார்க்கும் ஏற்பாடு. அந்த இயந்திரத்தின் குழாய்களை முதலில் ஏதாவது திரவத்தால் நிரப்பியாக வேண்டும். ஆரம்பத்தில் அதையே ரத்தத்தால் நிரப்பினார்கள். ஒரு அறுவை சிகிச்சைக்கே பல பேரின் ரத்தம் வேண்டியிருந்தது. இப்போது உப்புநீர் போன்ற திரவத்தால் நிரப்புகிறார்கள். அது ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரும். நோயாளியின் ரத்தத்தோடு அது கலக்கும்போது ரத்தம் நீர்த்துப்போகிறது. ஹீமோகுளோபின் எண் இறங்குகிறது. அதாவது, ஒரு சொட்டு ரத்தம் போகாவிட்டாலும் எண் இறங்கும். எந்த விகிதத்திலும் கீழே இருக்கும் எண்ணைப் பெரிதாக்கினால் விடை சிறிதாகும், அவ்வளவுதான். இதோடு ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள், இயந்திரம் தட்டணுக்களைச் சேதப்படுத்துகிறது, தையல் போட்ட இடங்களில் கசிவு இருக்கிறது. நிஜமான இழப்பும் சேர்ந்துகொள்கிறது.

எண் இறங்கினால் ஏற்று. இதுதான் பல பத்தாண்டுகளாக நடைமுறை. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்ற வழக்கத்தை, மயோ கிளினிக்கின் ஆடம்ஸ், லண்டி என்ற இரு மயக்க மருத்துவர்கள் 1942-ல் எழுதிய கட்டுரையோடு இணைத்துச் சொல்வார்கள். அவர்களுடைய அனுபவ அறிவிலிருந்து வந்த யோசனை அது. யோசனை வழக்கமாகி, வழக்கம் விதியாகிவிட்டது. சாஃப்ட்வேரில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டிருப்பார். அவர் வேலையை விட்டே போயிருப்பார். ஆனால் அந்த எண்ணைத் தொட ஒருத்தருக்கும் தைரியம் இருக்காது.

ஏற்றும் ரத்தம் என்பது சும்மா சிவப்புத் திரவம் இல்லை, இன்னொருவருடைய உயிருள்ள திசு. குளிர்பெட்டியில் 35 நாள், 42 நாள் என்று இருக்கும்போது அது மாறிக்கொண்டே இருக்கிறது. சிவப்பணுக்கள் நெகிழ்ச்சியை இழக்கின்றன, பொட்டாசியம் வெளியே கசிகிறது, ஆக்சிஜனைத் திசுவிடம் விட்டுக்கொடுக்க உதவும் வேதிப்பொருள் குறைகிறது. ஏற்றியபின் சிலருக்கு நுரையீரலில் திடீர் அழற்சி வரலாம். ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்குக் கூடுதல் திரவமே பெரிய பாரமாகி மூச்சுத் திணறலாம். இதய நோயாளிக்கு இந்தப் பின்னது முக்கியமான ஆபத்து. எங்கேயாவது பை மாறி, வகை பொருந்தாத ரத்தம் ஏறிவிட்டால் உயிரே போகலாம்.

நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வு 1998-ல் வெளியானது. இதய அறுவை சிகிச்சை நோயாளிகள் 900-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ரத்தம். மற்ற இரண்டு குழுக்களுக்கு, வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம். 60 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 7.8 சதவீதம், வடிகட்டிய இரண்டு குழுக்களிலும் 4 சதவீதத்துக்கும் கீழே. ரத்தத்தில் நாம் கேட்காமலே வந்து சேருகிற ஒரு பகுதிக்கு இவ்வளவு விலை இருக்கக்கூடும் என்று தெரிந்தது.

*

அடுத்த பத்தாண்டில் இன்னும் கலவரமான கட்டுரைகள் வந்தன. அதில் ஒன்று, பிரிட்டனின் பிரிஸ்டல் நகரிலிருந்து 2007-ல் வந்தது. கேவின் மர்ஃபி என்ற இதய அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பழைய பதிவுகளைப் பார்த்தார்கள். ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு நோய்த்தொற்று அதிகம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு போன்றவை அதிகம், மரணமும் அதிகம். அமெரிக்காவில் கிளீவ்லேண்டிலிருந்து வந்த கட்டுரையும் இதையே சொன்னது: ஒவ்வொரு யூனிட் கூடும்போதும் ஆபத்து கூடுகிறது.

இதைப் படித்ததும் நம் மூளை உடனே ஒரு முடிவுக்குத் தாவும். ரத்தம் கொல்கிறது. ஆனால் ஒரு நிமிடம். எங்கள் அலுவலகத்தில் எந்த சர்வரை அடிக்கடி ரீஸ்டார்ட் செய்கிறோமோ அந்த சர்வர்தான் அடிக்கடி விழுகிறது. அதனால் ரீஸ்டார்ட்தான் சர்வரை விழவைக்கிறது என்று ஒருவன் சொன்னால் சிரிப்போம். விழுகிற சர்வரைத்தானே ரீஸ்டார்ட் செய்வோம்? அதேபோல, மோசமான நிலையில் இருப்பவருக்குத்தானே ரத்தம் ஏற்றுவார்கள்? வயது, எடை, சிறுநீரகம் என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்தோம் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் மருத்துவருக்குள் எழும் ஒரு சந்தேகத்தை எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கும்?

இதை அறிய ஒரே வழி, குலுக்கல். ஒரே மாதிரி நிலையில் இருக்கும் நோயாளிகளை எடுத்து, யாருக்குத் தாராளமாக ஏற்றுவது, யாருக்குச் சிக்கனமாக ஏற்றுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வது. கேட்டவுடன் நெஞ்சு பதறும். ஒரு பட்டன் பச்சையா நீலமா என்று பயனர்களை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பதை நான் தினமும் செய்கிறேன். ஐசியூவில் கிடக்கும் ஒரு மனிதரை வைத்து அதைச் செய்யலாமா?

எனக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது ஒரு புள்ளிவிவரத்தில். 2010-ல் அமெரிக்காவின் 798 மருத்துவமனைகளின் பைபாஸ் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அதில் சிவப்பணு ஏற்றப்பட்டவர்கள் எத்தனை சதவீதம்? மிகக் குறைவாக ஏற்றிய மருத்துவமனையில் 7.8 சதவீதம். மிக அதிகமாக ஏற்றிய மருத்துவமனையில் 92.8 சதவீதம். ஒரே நாடு, ஒரே வகை அறுவை சிகிச்சை. நீங்கள் எந்தக் கட்டிடத்தில் படுத்திருக்கிறீர்கள் என்பது உங்கள் உடம்பில் யாருடைய ரத்தம் ஓடும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. குலுக்கல் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. யாரும் அதைக் குலுக்கல் என்று ஒப்புக்கொள்ளவில்லை, முடிவை எழுதிவைக்கவில்லை, அதிலிருந்து எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லி, சம்மதம் வாங்கி, வெளிப்படையாகக் குலுக்குவது இதைவிட எவ்வளவோ நேர்மையானது.

மர்ஃபியின் குழு அதைச் செய்தது. பிரிட்டனின் 17 மையங்களில், இதய அறுவை சிகிச்சை முடிந்த 2,000 பேருக்கு மேல். ஒரு குழுவுக்கு ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போனாலே ரத்தம். இன்னொரு குழுவுக்கு 7.5-க்குக் கீழே போனால்தான். டைட்டர்-2 என்று பெயர். 2015-ல் முடிவு வெளியானது. தாராளக் குழுவில் 92 சதவீதம் பேருக்கு ரத்தம் ஏறியது, சிக்கனக் குழுவில் 53 சதவீதம். கடும் தொற்று, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்தக் கணக்கில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: சிக்கனத்தில் 35.1, தாராளத்தில் 33. ரத்தம் விஷம் என்றால் சிக்கனக் குழு தெளிவாக முந்தியிருக்க வேண்டும். முந்தவில்லை. 90 நாள் மரணக் கணக்கோ எதிர்த்திசையில் போனது: சிக்கனக் குழுவில் 4.2 சதவீதம், தாராளக் குழுவில் 2.6.

எட்டு வருடத்துக்கு முன் ரத்தம் ஏற்றுவது மரணத்தோடு தொடர்புடையது என்று எழுதிய மனிதர், தன் எதிர்பார்ப்புக்கு மாறான ஒரு எண்ணைத் தன் பெயர் போட்டே வெளியிட்டார். அறம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அதில் பலவற்றைவிட இந்த ஒரு செயல் எனக்கு அறமாகத் தெரிகிறது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2017-ல் டிரிக்ஸ்-3 வந்தது. 19 நாடுகள், 73 மையங்கள், ஏறத்தாழ 5,000 பேர். இதில் சிக்கனக் குழுவில் மரணம் 3 சதவீதம், தாராளக் குழுவில் 3.6. இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. இதய அறுவை சிகிச்சையில் 7.5 வரை காத்திருப்பது, 9.5-லேயே ஏற்றுவதைவிட மோசம் இல்லை என்பது ஓரளவு உறுதியானது. பழைய ரத்தம் கெடுதலா என்ற கேள்விக்கும் இதே கதிதான். 2008-ல் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் ஆமாம் என்றார்கள். 2015-ல் ஆயிரத்துச் சொச்சம் இதய நோயாளிகளைக் குலுக்கிப் பார்த்தபோது, பத்து நாளுக்குட்பட்ட ரத்தத்துக்கும் மூன்று வாரம் தாண்டிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ரத்தம் அமுதம் என்றவர்களும் விஷம் என்றவர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு தரப்புமே ரத்தத்துக்கு ஒரு குணம் இருப்பதாக நினைத்தார்கள். நல்லதா கெட்டதா என்பது பையில் இல்லை. அந்த நேரத்தில், அந்த உடம்பில், அது தேவைப்பட்டதா என்பதில் இருக்கிறது.

*

என் மாமாவுக்கு பைபாஸ் நடந்தது கோவையில். வயது 61. அறுவை சிகிச்சைக்கு முன்பே, ரத்தம் கொடுக்க நாலு பேரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நானும் அலுவலகத்தில் மூன்று நண்பர்களும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் 8.1. டாக்டர் ரத்தம் ஏற்றவில்லை. அத்தைக்குக் கோபம் தாங்கவில்லை.

“ஏனுங்க டாக்டர், நாலு பசங்க வந்து ரத்தம் குடுத்துட்டுப் போயிருக்கறாங்க. ஆளைப் பாருங்க, வெளுத்துப் போய்க் கெடக்கறாரு. ரெண்டு பாட்டில் ஏத்துனா என்னங்க கொறஞ்சு போகுது?”

டாக்டர் எரிச்சல்படவில்லை. “ஏத்தினா இந்த நம்பர் ஏறும்மா. அது எனக்கு உறுதியாத் தெரியும். அதனால அவர் சீக்கிரம் எந்திரிச்சு நடப்பாரான்னு கேட்டீங்கன்னா, தெரியாது. மூச்சு நல்லா இருக்கு, பிரஷர் நிக்குது, யூரின் போகுது, கசிவு நின்னுடுச்சு. இன்னிக்குப் பார்ப்போம். ராத்திரி ஏதாவது மாறிச்சுன்னா உடனே ஏத்திடுவேன், அப்ப யோசிக்க மாட்டேன்.”

மாமா ரத்தம் ஏற்றாமலே வீட்டுக்கு வந்தார். இது எதையும் நிரூபிக்காது. ஏற்றியிருந்தாலும் அநேகமாக வந்திருப்பார். நான் யோசித்தது டாக்டரைப் பற்றித்தான். ஏற்றிவிடுவது அவருக்குச் சுலபம். குடும்பம் திருப்தியாகியிருக்கும். பிறகு ஏதாவது ஆனால், ‘எல்லாம் செய்து பார்த்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஏற்றாமல் ஏதாவது ஆகியிருந்தால் அத்தனை விரலும் அவரைத்தான் காட்டும். செய்ததால் வரும் தீங்கை விதி என்றும், செய்யாமல் விட்டதால் வரும் தீங்கைக் குற்றம் என்றும் பார்ப்பது நம் பழக்கம். தத்துவத்தில் வழக்கமாகத் தராசு எதிர்ப்பக்கம் சாயும்: கொல்வது, சாகவிடுவதைவிடப் பெரிய பாவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டும் அது தலைகீழாகிவிடுகிறது. அங்கே சும்மா இருப்பதுதான் பாவம். அதனால் அங்கே சும்மா இருப்பதற்கு, எதையாவது செய்வதைவிட அதிக தைரியம் வேண்டும். அதிக வேலையும் வேண்டும். ஏற்றிவிட்டால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். ஏற்றாவிட்டால் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

*

ரத்தம் இல்லாமல் இதய அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்பதை மருத்துவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. அதற்குக் காரணமானவர்கள் யெகோவாவின் சாட்சிகள். அடுத்தவர் ரத்தத்தை ஏற்றுக்கொள்வது வேதத்துக்கு விரோதம் என்பது அவர்கள் நம்பிக்கை. செத்தாலும் சரி, ஏற்ற வேண்டாம் என்பார்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிய காலத்தில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டென்டன் கூலி அவர்களை ஏற்றுக்கொண்டார். இயந்திரத்தை ரத்தத்துக்குப் பதிலாகச் சர்க்கரைக் கரைசலால் நிரப்பும் முறையை 1960-களின் தொடக்கத்திலேயே அவர் கையாண்டுகொண்டிருந்தார். 1977-ல் அவரும் டேவிட் ஓட்டும் சேர்ந்து, ரத்தமே ஏற்றாமல் செய்த 542 இதய, ரத்தநாள அறுவை சிகிச்சைகளின் கணக்கை வெளியிட்டார்கள். ரத்த இழப்பே நேரடிக் காரணமாக இருந்த மரணங்கள் மூன்று.

மூன்று என்று படித்ததும் இரண்டு விதமாகத் தோன்றியது. 542-ல் மூன்றுதானா என்று ஒரு பக்கம். அந்த மூன்று பேரையும் ஒரு பை ரத்தம் காப்பாற்றியிருக்குமே என்று இன்னொரு பக்கம். அவர்களுடைய நம்பிக்கை எனக்கு இல்லை. ஒரு குழந்தைக்காகப் பெற்றோர் அப்படி மறுத்தால் அதை என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் அந்தப் பெரியவர்கள் விரும்பி ஏற்ற ஆபத்திலிருந்து கிடைத்த அறிவு இன்று எல்லோருக்கும் பயன்படுகிறது. கசிந்த ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அவருக்கே திருப்பிச் செலுத்துவது. உறைகட்டி கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம். சின்னக் குழாய்கள். தினமும் சோதனைக்கு என்று எடுக்கும் ரத்தத்தைக் குறைப்பது. அறுவை சிகிச்சைக்கு முன்பே சோகையைக் கண்டுபிடித்து இரும்புச்சத்து கொடுப்பது. இவை எல்லாம் ‘ஏற்ற முடியாது’ என்ற சுவரில் முட்டிய பிறகு கவனம் பெற்றவை. சுலபமான வழி கையில் இருக்கும்வரை நாம் மற்ற வழிகளைத் தேடுவதில்லை. தாராளமாகக் கிடைக்கும் கொடை, வாங்குபவரைக் கொஞ்சம் சோம்பேறியாகவும் ஆக்கிவிடுகிறது.

சிக்கனமே அறம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது. டைட்டர்-2-ன் அந்த 4.2, 2.6 என்ற எண்களை நான் மறக்கவில்லை. 2023-ல் மாரடைப்பு வந்து, கூடவே சோகையும் இருந்த 3,500 பேரிடம் நடந்த ஆய்வில், சிக்கனக் குழுவில் 16.9 சதவீதம் பேருக்கு மரணமோ மறு மாரடைப்போ வந்தது. தாராளக் குழுவில் 14.5. புள்ளியியல் இதை உறுதியான வித்தியாசமாக ஏற்கவில்லை. ஆனால் எந்த மருத்துவரும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகக் கை கட்டி நிற்க முடியாது. கொடைக்கு ஒரு மடம் இருப்பதுபோல மறுப்புக்கும் ஒரு மடம் உண்டு. ‘இப்போதெல்லாம் நாங்கள் 7.5 வரை ஏற்றுவதில்லை’ என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்பவர், ‘பத்துக்குக் கீழே போனால் ஏற்று’ என்று சொன்னவரின் பேரன்தான். இருவருமே கட்டிலில் கிடக்கும் ஆளைப் பார்க்கவில்லை.

*

டாக்டர் போன பிறகு அத்தை என்னிடம் கேட்டது ஒன்று உண்டு. “ஏண்டா கண்ணு, அப்ப நீங்க குடுத்த ரத்தமெல்லாம் வேஸ்ட்டாடா?”

இல்லை அத்தை என்றேன். நாங்கள் கொடுத்தது மாமாவின் பெயர் எழுதி எடுத்துவைக்கப்படுவதில்லை. ரத்த வங்கியின் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும். மாமாவுக்கு ஏறாத ரத்தம் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு ஏறலாம். மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் உயிர் வாழ முடியும் என்கிற தலசீமியா குழந்தைக்கு ஏறலாம். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பச் செரி” என்றாள்.

ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1970-ல் ரத்த தானத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ரத்தத்தை விலைக்கு வாங்கும் அமைப்பைவிட, முகம் தெரியாதவருக்குச் சும்மா கொடுக்கும் அமைப்பு ஒழுக்கத்தில் மட்டுமல்ல, பாதுகாப்பிலும் மேலானது என்பது அவர் வாதம். காசுக்கு விற்பவனுக்குத் தன் நோயை மறைக்கக் காரணம் இருக்கிறது. சும்மா கொடுப்பவனுக்கு இல்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. டிட்மஸ் கொடுப்பவரின் அறத்தை அழகாக எழுதினார். நடுவில் நிற்பவரின் அறத்தை நாம் இன்னும் போதுமான அளவுக்குப் பேசவில்லை. கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியாது. வாங்குபவர் மயக்கத்தில் இருக்கிறார். இருவரையும் அறிந்த ஒரே ஆள், பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மருத்துவர். பேகனுக்கும் மயிலுக்கும் நடுவே அப்படி ஒருவர் இருந்ததில்லை. இருந்திருந்தால் அவர் வேலை, போர்வையை வாங்கி வைத்துக்கொண்டு குளிரில் நடுங்குகிற ஒரு மனிதனைத் தேடுவதாகத்தான் இருந்திருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. அடுத்தவருக்குப் பயன்படும் என்பதற்காக என் மாமாவுக்கு ஏற்றாமல் விடுவது வேறு. மாமாவுக்குத் தேவையில்லை என்பதால் ஏற்றாமல் விட்டு, அது அடுத்தவருக்குப் போவது வேறு. முதலாவது, அவருக்குத் தெரியாமல் அவரிடமிருந்து எடுத்துக் கொடுப்பது. கையிருப்பு குறைந்த நாட்களில் அது தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போது அதைச் சொல்லிச் செய்ய வேண்டும். ‘உங்கள் நன்மைக்காக’ என்று பொய் சொல்லக் கூடாது.

முன்பெல்லாம் ஒரு யூனிட் ஏற்றுவதில் அர்த்தமில்லை, ஏற்றினால் இரண்டு ஏற்று என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். இப்போதைய வழிகாட்டுதல் வேறு: ரத்தப்போக்கு இல்லாத நோயாளிக்கு ஒரு யூனிட் ஏற்று, பிறகு போய்ப் பார், இரண்டாவது வேண்டுமா என்று திரும்ப யோசி. கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் முதல் பைக்கும் இரண்டாவது பைக்கும் நடுவே ஒரு ஆள் கட்டிலுக்கு நடந்து போய் நோயாளியைப் பார்க்கிறார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவும் அந்த நடையில் இருக்கிறது.

மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நான் இப்போதும் ரத்தம் கொடுக்கிறேன். வாட்ஸப்பில் ‘அவசரம், ஓ பாசிட்டிவ்’ என்று வந்தால் கிளம்பிவிடுவேன். யாருக்கு, எதற்கு, உண்மையிலேயே தேவையா என்று கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் அவசரத்துக்கு உதவாது. கொடுக்கிற இடத்தில் நான் பேகனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அந்தக் கேள்வியை எனக்காகக் கேட்க உள்ளே ஒருவர் இருக்க வேண்டும். இருப்பார் என்று நம்பித்தான் கையை நீட்டுகிறேன்.